ஒன்பது கிலோவுக்கு மேல் கூடாது

ஜன. 8, வியாழன்

காலையில் பனி. மீன்பிடித் துறைமுகப் பக்கம் படகுகளின் சத்தம் மட்டும், படகு எதுவும் தெரியவில்லை. கடை திறந்தால் கயிற்றுச் சுருள் எல்லாம் ஈரம். தார்ப்பாய்க் கட்டுகளை இடம் மாற்ற வேண்டும்.

பொங்கலுக்கு ஜவ்வாது மலை. 16ஆம் தேதி காலை புறப்பாடு, மூன்று இரவு. ஆட்கள் நாலு: நான், கரீம் பாய் (பெயிண்ட் கடை, வண்ணாரப்பேட்டை), செல்வம் (திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர்), தாஸ். தாஸ் அதே யார்டில் செல்வத்துக்குக் கீழே கன்டெய்னர் தூக்கும் வண்டி ஓட்டுகிறான். எனக்கு இருபது வருடப் பழக்கம்.

இந்தத் தடவை சட்டம் என்னுடையது. தலைக்கு ஒன்பது கிலோ, தண்ணீர் நீங்கலாக. கூடாரம், பாத்திரம், கயிறு என்று அவரவர் பங்கும் அதற்குள். ஞாயிறு மாலை எல்லோரும் கடையில் பையைக் கொட்ட வேண்டும். நான் பார்ப்பேன், நான் கழிப்பேன், நான் தராசில் தொங்கவிடுவேன்.

காரணத்தை இங்கே எழுதலாம், யாரும் படிக்கப்போவதில்லை. போன தடவை இரண்டாம் நாள் ஏற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் பை பதினாறு கிலோ. தாஸ் அதை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, தன் பையை முதுகில் போட்டுக்கொண்டு ஏறினான். அது போகட்டும். கல்யாண வீடு, சாவு வீடு பாக்கியில்லாமல் அதைச் சொல்கிறான். "நம்ம அண்ணாச்சி குந்திகினு அழுதான்பா." அழுதது உண்மை. பொய் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

ஜன. 9, வெள்ளி

என் பை: உள்ளே படுத்துத் தூங்கும் பை, சட்டை 2, கம்பளிக் குல்லாய், காலுறை 3, டார்ச், அவல், கடலை மிட்டாய், மழைச்சட்டை, தட்டு டம்ளர். கூடாரத்தில் என் பங்கு, கம்பிகள். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டியாயிற்று. மூன்று தடவை நிறுத்தேன். 8.7.

நெஞ்சு மாத்திரையை வைட்டமின் டப்பாவுக்கு மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் கண்ணும் எல்லோர் பை மேலும் இருக்கும்.

ஜன. 10, சனி

வியாபாரம் சுமார். மதியம் அண்ணா நகரிலிருந்து ஒரு ஐ.டி. ஆள். சைக்கிளில் பாண்டிச்சேரி போகிறானாம், பின்சக்கரத்துக்கு மேல் பை கட்ட எலாஸ்டிக் கயிறு வேண்டும். தொடை இரண்டும் வாழைத்தண்டு, சைக்கிள் மட்டும் பட்டத்து யானை. இரண்டு வருடச் சரக்கை எடுத்துப் போட்டேன். உப்புக்காற்று தின்ற கயிறு, மகாபலிபுரம் தாண்டாது. அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

கேடுகாலம், தாஸ் கடையில் இருந்தான். கயிற்றை எடுத்து இழுத்துப் பார்த்தான்.

"இது செத்த சரக்கு சார். நடுரோட்ல புட்டுக்கும். அண்ணாச்சி, புதுசு உள்ள கீதுல்ல? அத்த எடு."

எடுத்தேன். சிரித்துக்கொண்டே எடுத்தேன்.

அதோடு விட்டானா. "சார், லோடு விசயத்துல ஜாக்கிரதை. இந்த அண்ணாச்சியையே நான் மலையில..." முழுக் கதையும். முன்பின் தெரியாத ஒருவனிடம், என் கடையில், என் கல்லாவுக்கு எதிரே நின்று. அந்த ஐ.டி. ஆள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

ஜன. 11, ஞாயிறு

வெயில். நாலு மணிக்குக் கடைக்குள் நீலத் தார்ப்பாய் விரித்தேன். தொங்கு தராசை உத்தரத்தில் மாட்டினேன்.

கரீம் பாய் 10.2. கழித்தவை: கண்ணாடிப் புட்டியில் அத்தர், இரண்டாவது ஜீன்ஸ், எவர்சில்வர் தூக்கு. "மலையில யாருக்கு மணக்கணும் பாய்? கரடிக்கா?" எல்லோரும் சிரித்தார்கள்.

செல்வம் 9.6. சவரப் பெட்டியும் தடித் துண்டும் வெளியே.

நான் 8.7. தராசை எல்லோருக்கும் காட்டினேன்.

தாஸ் 13.1.

ஒவ்வொன்றாக எடுத்து உயர்த்திக் காட்டினேன். கருவாட்டுப் பொட்டலம். சுத்தியல். டார்ச் மூன்று. "மூணு கண்ணாலே உனக்கு?" நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அடியில் கைவிட்டால் முழங்கால் பட்டை, பெரிய அளவு. அவன் கால் குச்சி. பிறகு உப்பு-சர்க்கரைப் பொடி பன்னிரண்டு பாக்கெட். பிறகு அகலமான பெல்ட் ஒன்று, இரண்டு வளையம் வைத்து, பஞ்சு வைத்துத் தைத்தது.

"இது என்னலே?"

"உன் பையை மாட்டிக்க மாமு. போன வாட்டி தோளு அறுத்துக்கிச்சு. அதான் மெத்து வெச்சி தெச்சிகினு வந்தேன். பட்டையும் உனக்குத்தான்."

கரீம் பாய் தார்ப்பாயிலேயே சாய்ந்துவிட்டார். "பைக்கு இல்ல தோஸ்து, அண்ணாச்சிய உக்கார வெச்சித் தூக்க!" செல்வத்துக்குச் சிரித்துச் சிரித்து இருமல். தாஸும் சிரித்தான், கேலியாக இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

கை பக்கவாட்டுப் பைக்குள் போயிற்று. ஒரு காலுறை. அதற்குள் மாத்திரை அட்டை. பார்த்ததும் தெரிந்தது, திசையன்விளையில் என் தம்பி பதினோரு வருடம் தின்ற மாத்திரை.

அரை நொடிதான். அதற்குள் எல்லாம் தெரிந்தது. செல்வம் யார், தாஸ் செய்யும் வேலை என்ன, நான் வாயைத் திறந்தால் எது போகும். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று எங்கும் சொல்ல முடியாது.

"வலிப்பு மாத்திரைல்லா இது?" என்றேன், உரக்க.

"தலவலிக்கு மாமு. குடு."

"எங்க ஊர்ல தலவலிக்கு இத குடுக்க மாட்டாங்கடே."

சிரிப்பு நின்றது. தாஸ் செல்வத்தைப் பார்த்தான். "அஞ்சு வருசமா ஒண்ணும் வரல செல்வம். சத்தியமா. மாத்திரைய ஒரு நாள் வுட்டதில்ல."

செல்வம் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு வண்டில ஏறாத தாஸு. ஆபீஸ்ல பேசிட்டு சொல்றேன்."

"மலைமேல வலிப்பு வந்து இஸ்துகினா நாம இன்னா பண்றது?" கரீம் பாய் என்னிடம் கேட்டார், அவனிடம் அல்ல.

தாஸ் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினான். கனமானது முதுகுப் பக்கம், துணி அடியில், டார்ச் மேலே. முறை தப்பாமல். போகும்போது முழங்கால் பட்டையை மட்டும் கல்லா மேல் வைத்துவிட்டுப் போனான்.

ஜன. 12, திங்கள்

தாஸை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வண்டிச் சாவியை வாங்கிவிட்டார்கள். செல்வம் போன் செய்தான். "நல்லவேளை சொன்னீங்க அண்ணாச்சி. கீழ ஆளுங்க நடந்துகினே இருப்பாங்க. மேல இருவத்தஞ்சு டன்னு."

கரீம் பாயும் அதையே சொன்னார். மருந்துக் கடைக்காரரும்.

மூன்று பேர் சொல்வதும் சரி. செய்தது சரியான காரியம். ஆனால் நான் அதற்காகச் செய்யவில்லை. கீழே நடக்கும் ஆட்கள் ஒருவர்கூட அப்போது என் நினைவில் இல்லை.

நல்ல தூக்கம்.

ஜன. 13, செவ்வாய்

காசிமேட்டுப் பக்கமிருந்து காற்று, கடையெல்லாம் மீன் வாடை. போகிக்குப் பழைய சாக்கு ஒதுக்கினேன்.

பதினோரு மணிக்கு பிலோமினா, தாஸின் மனைவி. கூடாரத்தில் அவன் பங்கு, கயிறு, பாத்திரம், எல்லாம் துடைத்து மடித்துக் கொண்டுவந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உட்காரவில்லை.

"அண்ணாச்சி, அவர வண்டில ஏத்த சொல்லி கேக்கல. ஏறக் கூடாதுதான். நானே எத்தினி தபா சொல்லிகீறேன். யார்டு கேட்ல சீட்டு எழுதற ஆளு பொங்கலோட நின்னுக்குறாராம். அந்த எடத்த இவருக்கு குடுக்க சொல்லுங்க. உங்க கிட்டதான யார்டுக்கே கயிறு வாங்கறாங்க. நீங்க ஒரு போனு போட்டா செல்வம் தட்ட மாட்டாரு."

ஒரு போன். உண்மை. செல்வம் தட்ட மாட்டான்.

"தாஸ் என்ன சொல்றான்?"

"உங்கள பத்தி ஒரு வார்த்த தப்பா சொல்லல. நான் வந்தது அவருக்குத் தெரியாது."

திட்டியிருந்தால் அப்போதே போன் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். திட்டவில்லை என்றதும் போனைக் கல்லாவுக்குள் வைத்து மூடினேன்.

"அவன வரச் சொல்லு. அவன் வாயால கேக்கட்டும். செய்யறேன்."

"வர மாட்டாரு அண்ணாச்சி. உங்களுக்கே தெரியும்." போய்விட்டாள்.

வரட்டும். கல்லாவுக்கு எதிரே, கதை சொன்ன அதே இடத்தில் நின்று கேட்கட்டும். கேட்டால் ஒரு நிமிட வேலை.

ஜன. 14, புதன், போகி

எண்ணூர்ப் பக்கம் ஒன்றும் தெரியாத அளவுக்குப் புகை. சளி. கடை அரை நாள்.

தாஸ் வரவில்லை. வாசலில் யார் நிழல் விழுந்தாலும் நிமிர்ந்தேன். தேநீர் வாங்கப் போன வழியில் அவன் தெரு முனைவரை போய்த் திரும்பினேன். பழக்கதோஷம்.

இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தேன். செல்வத்தின் பெயரைத் தேடியும் ஆயிற்று. இவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு நானாகப் போன் போட்டால் காத்திருந்ததற்கு அர்த்தமில்லை. கீழே வைத்துவிட்டேன்.

ஜன. 15, வியாழன்

பொங்கல். வாழ்த்துச் சொல்ல செல்வம் கூப்பிட்டான். நானே பேச்சை வளைத்து, கேட் வேலை பற்றிக் கேட்டேன்.

"ஆள் போட்டாச்சே அண்ணாச்சி. நேத்து சாயந்தரம். தாஸுக்கு வேணும்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"எனக்கென்ன தெரியும்" என்றேன்.

சர்க்கரைப் பொங்கல் இரண்டு கரண்டி. மாத்திரை. தாஸின் பங்குக் கூடாரத்தைச் செல்வத்தின் தலையில் கட்டலாம் என்றால், முதுகு வலி என்கிறான். கரீம் பாய் போனை எடுக்கவில்லை. என் பையிலேயே திணித்தேன். 11.4. திரும்ப நிறுக்கவில்லை.

ஜன. 16, வெள்ளி

ஐந்தரைக்குக் கரீம் பாயின் கார். குளிர். கடை வாசலிலேயே எல்லோரும் ஏறுவதாக ஏற்பாடு.

தராசைக் கையோடு எடுத்து வந்திருந்தேன். "கடைசியா ஒரு தடவை பார்த்துரலாம் பாய்."

"பாத்தாச்சு அண்ணாச்சி. வூட்லயே."

செல்வத்தின் பக்கம் திரும்பினேன். பையைக் காலுக்கு நடுவில் இழுத்து வைத்துக்கொண்டான். "எல்லாம் கரெக்டா கீது. நீங்க உக்காருங்க."

அவர்கள் இருவரும் முன்னால். பின்சீட்டில் நான் மட்டும். தாஸ் உட்காரும் இடத்தில் செல்வம் தன் பையைக் கொண்டுவந்து வைத்தான். ஜிப் இரண்டையும் சேர்த்துச் சின்னப் பூட்டு. புதிது.

என் கடையில் வாங்கியதல்ல.