மாட்டுவண்டிக்குப் போட்ட சுரங்கப் பூட்டு

இன்று காலை வடக்குத்து டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கியதும் வேப்பெண்ணெய் வாடை அடித்தது. திரும்பிப் பார்த்தால், கடைக்குப் பின்னால் ஒருவர் தன் மாட்டின் கழுத்தில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் ஸ்கூட்டர் பெட்டியில் மழைக்கோட்டு இருக்காது, வண்டியின் ஆர்.சி. புத்தகம் இருக்காது, வேப்பெண்ணெய் பாட்டில் மட்டும் எப்போதும் இருக்கும். அதன் மூடி ஒழுங்காக நிற்காது. நீ போகிற கல்யாணத்துக்கெல்லாம் அந்த வாடை உனக்கு முன்னால் போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிடும்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. ஸ்டேஷன் ரைட்டராக இருந்து ஊர்ப் புகாரையெல்லாம் எழுதிக் கை சலித்துவிட்டது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். உன்னிடம் சொல்லாமல் ஒரு விஷயத்தை வைத்திருந்தேன், அதனால்தான் எழுதவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நெய்வேலி டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் பர்மனென்ட் ஆனாய், நான் காக்கி மாட்டினேன். நாற்பது வயதுக்கு மேல் உனக்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. விலங்கு நலத்துக்கான கௌரவ அலுவலர் என்று ஓர் அடையாள அட்டை. சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது, யாரையும் கைது செய்ய முடியாது. வாயில்லா ஜீவனை எவனாவது வதைத்தால் தட்டிக் கேட்கலாம், போலீஸுக்குத் தகவல் சொல்லலாம், அவ்வளவுதான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து எனக்கே சல்யூட் அடித்தாய். போட்டோவில் நீ திருடன் மாதிரி இருக்கிறாய், அட்டையைக் காட்டினால் உன்னைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்று சொன்னேன். ஒரு வாரம் கோபமாக இருந்தாய்.

நம் சண்டை அன்றைக்கு ஆரம்பித்தது. சட்டத்தைக் காப்பாற்ற எங்களுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது, நடுவில் தனி ஆட்கள் எதற்கு என்பது என் கட்சி. அதற்கு நீ உன் சுரங்கத்தைத்தான் சாட்சிக்கு அழைப்பாய். கன்வேயர் பெல்ட்டின் பக்கத்திலேயே நீளத்துக்கு ஒரு கயிறு ஓடுமாம். ஆபத்தைப் பார்த்தவன் பெரிய அதிகாரியோ நேற்று வந்த காண்ட்ராக்ட் ஆளோ, இழுத்தால் பெல்ட் நின்றுவிடுமாம்.

“நிறுத்தறதுக்குப் பதவி வேணாம் ஏட்டு. திரும்ப ஓட்டறதுக்குத்தான் வேணும்” என்பாய்.

பெல்ட்டுக்குப் பசிக்காது, வண்டிக்காரனுக்குப் பசிக்கும் என்று நான் மடக்குவேன். இன்றைக்கு நீ வருகிறாய், நாளைக்கு இதே அட்டையோடு ஒரு கேடி வந்து ரோட்டில் வசூல் பண்ணுவான், நாளன்றைக்கு இன்னொருவன் வண்டிக்காரன் யார் எவர் என்று பார்த்து நிறுத்துவான், அப்போது என்ன செய்வாய் என்று கேட்பேன். “அவனப் பிடிக்கத்தான் நீ இருக்கியே” என்று சொல்லிவிட்டு என் தட்டில் இருக்கும் வடையை எடுத்துக்கொள்வாய். வாதத்தில் நான் ஜெயித்த நாளிலும் வடை உனக்குத்தான் போனது.

அப்புறம் அந்தக் கரும்பு வண்டி வந்தது.

விடிகிற நேரம், நீ காலை ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தாய். வடக்குத்து கலியமூர்த்தி ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போகிறார். வலது மாட்டின் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண், அதன்மேல் நுகத்தடி. நிறுத்தினாய். மாடுகளை அவிழ்த்து ஓரமாகக் கட்டினாய். அதுவரைக்கும் சரி. அதோடு விட்டிருந்தால் நீ எப்படி நீயாக இருப்பாய்? பையிலிருந்து சுரங்கப் பூட்டை எடுத்து, நுகத்தடியில் சங்கிலியைச் சுற்றிப் பூட்டி, ‘அபாயம், இயக்காதே’ என்ற சிவப்பு டேகையும் மாட்டிவிட்டாய். பழுது பார்க்கிற இயந்திரத்தை வேறு யாரும் ஓட்டிவிடாமல் இருக்க நீங்கள் செய்கிற வேலை அது. பூட்டியவன் பாக்கெட்டில்தான் சாவி இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நீயும் பழக்கதோஷத்தில் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டாய்.

போவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்தாய். ஏழு மணிக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்று சொன்னேன். நான் போகவில்லை. பந்தோபஸ்து போட்டுவிட்டார்கள் என்று பிறகு உன்னிடம் சொன்னேன்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து, பாக்கெட்டில் சாவி குத்திய பிறகுதான் உனக்கு உறைத்ததாம். ஓடிப் போய்த் திறந்தாய். மாடுகள் மட்டும் சுகமாக அசை போட்டுக்கொண்டிருந்தன. கரும்பு வாடிவிட்டது. கலியமூர்த்தி நேராக எங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார்.

அப்போதுதான் நான் பந்தோபஸ்திலிருந்து திரும்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வழியில் தடுத்து நிறுத்தினான், பிழைப்பைக் கெடுத்தான் என்று எழுதச் சொன்னார். உன் பேரைச் சொன்னார். நமக்குள் பழக்கம் என்று அவருக்குத் தெரியாது. எஃப்.ஐ.ஆர். ஆனால் அட்டை போவது போகட்டும், உன் பர்மனென்ட் வேலையும் தொங்கிவிடும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாய் வேறு. பேனாவில் மை இல்லை என்று உதறினேன், பேப்பர் எடுக்க உள்ளே போனேன். அதற்குள் நீயே வந்து நின்றாய். வேர்வையும் கரித்தூளுமாக, பூட்டு ஒரு கையில், டேக் ஒரு கையில்.

அந்த டேகைப் பார்த்ததும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அருவாள் வைத்திருக்கிற மனிதர், அதன் முதுகால் ஒரு போடு போட்டுப் பூட்டை உடைத்திருக்கலாமே, ஏன் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்று கலியமூர்த்தியிடமே கேட்டேன்.

“அடுத்தவங்க மாட்டுன டேக்குங்க. மைன்ஸ்ல ஆறு வருசம் காண்ட்ராக்ட்ல இருந்தவன் நானு. அத எப்பிடிங்க தொடறது? யாராச்சும் வருவாங்கன்னு உக்காந்துகினே இருந்தேன்.”

ஸ்டேஷனே சிரித்தது. இன்ஸ்பெக்டர் வரைக்கும் சிரித்தார். தன் வண்டியில், தன் நுகத்தடியில் மாட்டிய டேகைத் தொடாத மனிதர் நெய்வேலியைத் தவிர வேறு எந்த ஊரில் கிடைப்பார்? நீ மட்டும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அந்த ‘யாராச்சும்’ நான்தான்.

அந்த இடத்தில் நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏட்டிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன், வராதது அவர் என்று. சொல்லவில்லை. “புண்ணைப் பாத்து நிறுத்தினது தப்பில்ல. பூட்டிட்டுப் போனது என் தப்பு. எழுதுங்க” என்றாய்.

கலியமூர்த்தி உன்னை ஏற இறங்கப் பார்த்தார். புண் இருப்பது தனக்குத் தெரியாதா, கரும்புக்கு ஆலை கொடுத்த வெட்டு உத்தரவு இன்றைய தேதிக்குத்தான், மாட்டுக்குப் புண் ஆறுகிற வரைக்கும் ஆலை காத்திருக்குமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. நீ வெளியே போய்ப் பத்துப் பேருக்குப் போன் போட்டு ஒரு டிராக்டரைப் பிடித்தாய். பொழுது சாய்வதற்குள் கரும்பு ஆலைக்குப் போனது. ஒரு வாரம் லீவு போட்டு, தினமும் அவர் வீட்டுக்குப் போய் மாட்டின் கழுத்துக்கு மருந்து போட்டாய். அங்கே கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும் கிடைத்ததால்தான் லீவு ஒரு வாரம் நீண்டது என்று உன் மனைவி இன்றைக்கும் சொல்கிறார்.

புகார் சமாதானத்தில் முடிந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கலியமூர்த்தி சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

“இனிமே யார் வண்டிய நிறுத்தினாலும் கூடவே நில்லுங்க.”

நீ நின்றாய். அதற்குப் பிறகு நெய்வேலி ரோட்டில் நீ நின்ற கோலத்தை நான் மறக்க மாட்டேன். குடையும் கையுமாக, பூட்டிய கடைக்குக் காவல் இருப்பவன் மாதிரி. மாட்டு டாக்டர் வரும்வரை, மாற்று மாடு வரும்வரை, சுமையைப் பாதி இறக்கும்வரை. ஷிஃப்டை மாற்றிக்கொண்டு நின்றாய். முதலில் திட்டிய வண்டிக்காரர்கள் பிறகு தாங்களே உன்னைக் கூப்பிட்டுக் குளம்பைக் காட்டினார்கள். நான் ஜீப்பில் போகும்போதெல்லாம் ஹாரன் அடித்துக் கிண்டல் செய்தேன். நான் சொன்ன மாதிரியே ஒரு கேடி அட்டையைக் காட்டி வசூல் பண்ணி எங்களிடம் மாட்டினான். அன்றைக்கு உன்னிடம் வந்து மார்தட்டினேன். அவன் எங்கேயாவது அரைமணி நேரம் நின்றானா என்று மட்டும் கேட்டாய்.

இப்போது அந்த விஷயம். பந்தோபஸ்து ஒன்பது மணிக்குத்தான். ஏழு மணிக்கு நான் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாட்டுப் புண்தானே, மெல்லப் போனால் என்ன என்று இருந்துவிட்டேன். சம்பளம் வாங்குகிறவன் நான். சம்பளம் வாங்காத உனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவனும் நான். நீ உயிரோடு இருந்தவரை இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் என் வடையை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டாய். உன் கட்சி முழுக்கச் சரி என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அட்டையை யார் கையிலும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட முடியாது. ஆனால் உன் கையில் இருந்தது சரிதான்.

போன மாதம் சேத்தியாத்தோப்பு ரோட்டில் ஒரு மினி லாரியை நிறுத்தினேன். கால் மடக்க இடமில்லாமல் கன்றுக்குட்டிகள். உன்னை மாதிரி யாரும் தகவல் சொல்லவில்லை, நானாகத்தான் பார்த்தேன். டாக்டர் வர நேரமாகும் என்றார்கள். டிரைவர் பசிக்கிறது என்றார், இரண்டு பேருக்கும் பரோட்டா வாங்கி வந்தேன். நாங்கள் இருவருமாகக் கன்றுகளை இறக்கித் தண்ணீர் காட்டினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. வயர்லெஸ் மைக்கில் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு எங்கே இருக்கிறாய், என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டார்.

“ரோட்டுல நின்னுகினு இருக்கேங்கய்யா” என்றேன்.

எவ்வளவு நேரம் என்று கேட்டார். வண்டி கிளம்புகிற வரைக்கும் என்று சொன்னேன்.