அத்தை செட்டிங்

ஜூன் 4

அன்புள்ள பெண்ணுக்கு,

நீயும் என் மகனும் பிரிந்த பிறகு உன்னை எப்படி விளிப்பது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்கு இது போதும்.

கப்பல் நாவலின் பதினோராம், பன்னிரண்டாம் அத்தியாயங்களை வாசித்துப் பதிவு செய்துவிட்டேன். பென் டிரைவைப் பஞ்சில் சுற்றி இத்துடன் வைத்திருக்கிறேன். போன முறை நீ அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அனுப்பியிருந்தாய். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் எழுதவந்தது வேறு விஷயம். பதிப்பாளர் ஒரு புதிய ஒலிநூலை அனுப்பியிருந்தார். வாசித்தவள் யாரோ பல் டாக்டராம். ஒரு பக்கம் ஓடுவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். குரல் அவளுடையது, ஆனால் அது உட்கார்ந்திருந்த இடம் என்னுடையது. அடியில் அதே கனம். மேலே கூர்மையை மட்டும் சீவிவிட்ட அதே பக்குவம். வாக்கியம் முடிந்ததும் அதே சுத்தமான அமைதி. வெளிச்சத்தம் வராதென்று என்னைத் துணி அலமாரிக்குள் மைக்கோடு உட்காரவைத்து, "அத்தை, இன்னொரு தடவை 'சங்கு'ன்னு சொல்லுங்க, இன்னும் ஒரே ஒரு தடவை" என்று என் உயிரை வாங்கி நீ செய்த வேலை அது. எனக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கையை ஊராருக்கு வாடகைக்கு விடுவாயா?

அதைக் கேட்டதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. விளக்கம் எழுது.

இப்படிக்கு,
ஒலிநூல் வாசிப்பவர்


ஜூன் 11

அன்புள்ள அத்தைக்கு,

விளிப்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

உங்கள் காதுக்கு ஒரு கும்பிடு. ஆமாம், உங்கள் செட்டிங்தான். என் கம்ப்யூட்டரில் அதன் பெயரே 'அத்தை'. எந்த ஒலியை ஏற்றுவது, எதைக் குறைப்பது, எங்கே அமைதியாக்குவது எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஒரு ப்ராஜெக்டில் சேமித்ததை இன்னொன்றில் இறக்கிக்கொள்ளலாம். புதிதாக யார் வாசிக்க வந்தாலும் முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பேன். யாருக்கும் பொருந்தாது. கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். பல் டாக்டருக்குப் பொருந்திவிட்டது, நானும் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன். மன்னியுங்கள். அடுத்த புத்தகத்துக்கு வேறு செய்துவிடுகிறேன்.

ஆனால் அத்தை, அதே செட்டிங்கை உங்கள் பதினோராம் அத்தியாயத்துக்கும் போட்டேன். உங்களுக்குப் பொருந்தவில்லை. அதில் 'கேட்' என்று ஒன்று உண்டு. குரல் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால், மூச்சோ மின்விசிறியோ கேட்காதபடி தானாக மூடிக்கொள்ளும். இப்போது அது உங்கள் வாக்கியங்களின் கடைசிச் சொல்லை விழுங்குகிறது. "கப்பல் கரையை விட்டு மெல்ல" என்று கேட்கிறது. "நகர்ந்தது" கேட்கவில்லை. முதல் அத்தியாயத்தில் இப்படி இல்லை. நானும் எதையும் மாற்றவில்லை.

முன்பெல்லாம் என்னைத் திட்டுவதென்றால் போன் செய்வீர்கள். இப்போது திட்டு கூரியரில் வருகிறது. உடம்பு நன்றாக இருக்கிறதா?

அன்புடன்,
மருமகள் (பழைய பதவி)


ஜூன் 17

அன்புள்ள பெண்ணுக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உன் கம்ப்யூட்டர் பழசாகிவிட்டால் அதைச் சொல். என் தொண்டையைச் சொல்லாதே.

கடைசிச் சொல்லை விழுங்கும் வழக்கம் எங்கள் கான்வென்ட்டில் ஒருத்திக்கும் கிடையாது. சிஸ்டர் எங்கள் வாய்க்கு நேரே மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து வாசிக்கச் சொல்வார். 'ப' வரும்போது சுடர் அசைந்தால் மறுபடி முதல் வரியிலிருந்து. அந்தப் பயிற்சியில்தான் நான் இத்தனை புத்தகம் வாசித்தேன். அதை நீயே மெச்சியிருக்கிறாய்.

நேற்று பதிப்பாளர் போன் செய்தார். "மேடம், மிச்ச அத்தியாயத்த அந்த டாக்டரம்மாவ வச்சு முடிச்சிரலாமா? நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்களேன்" என்கிறார். ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டேன். அவரிடம் யார் சொன்னது? நீயா?

என் மகன் காதிலும் எதையும் போட்டுவிடாதே. "ஏம்மா இந்த வயசுல அலமாரிக்குள்ள உக்காந்து கஷ்டப்படணும், நிறுத்திடுங்க" என்று ஆரம்பிப்பான். நிறுத்திவிட்டு இந்த வீட்டில் நான் யாரிடம் பேசுவது? அவன் அப்பா போன பிறகு நான் சத்தமாகப் பேசியதெல்லாம் அந்த அலமாரிக்குள்தான்.

இரண்டு அத்தியாயங்களையும் மறுபடி வாசித்து அனுப்பியிருக்கிறேன். இனி குறை சொல்ல முடியாது.

இப்படிக்கு,
ஒலிநூல் வாசிப்பவர்


ஜூன் 24

அன்புள்ள அத்தைக்கு,

பதிப்பாளரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவருக்கும் காது இருக்கிறது.

புதிய பதிவில் சத்தம் போதுமான அளவு இருக்கிறது. மைக்கை நெருங்கி உட்கார்ந்துவிட்டீர்கள், இல்லையா? உங்கள் 'ப' ஒவ்வொன்றும் வெடிக்கிறது. சிஸ்டரின் மெழுகுவர்த்தி அணைந்தே போயிருக்கும்.

இதையும் என்னால் சரிசெய்ய முடியும். அந்த 'கேட்'டைத் திறந்துவிட்டு, உங்கள் குரல் இறங்கும் இடங்களைக் கையால் ஒவ்வொன்றாக ஏற்றினால், கேட்பவர்களுக்கு எதுவும் தெரியாது. பாதி அத்தியாயம் செய்தும் பார்த்தேன். நன்றாகவே வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நிறுத்திவிட்டேன்.

இத்தனை வருஷமாக உங்கள் மூச்சை வெட்டி எடுப்பதுதான் என் வேலை. எந்த வரியில் எங்கே மூச்சு வாங்குவீர்கள் என்று உங்களுக்குத் தெரிவதைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது நடுச்சொல்லில் வாங்குகிறீர்கள். அதோடு, 'அ'வில் தொடங்கும் சொற்கள் எல்லாம் காற்றாக வருகின்றன.

நீங்கள் தொண்டை டாக்டரைப் பார்க்கும்வரை இந்த நாவலைத் தொடமாட்டேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். பழசாகிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, பொய்யில் உங்களுக்கும் பங்கு உண்டு.

இதற்கெல்லாம் எனக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். கேளுங்கள். கோபப்படுங்கள், ஆனால் போனில் கோபப்படுங்கள். எனக்கு உங்கள் குரலைக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
மருமகள்


ஜூலை 9

அன்புள்ள மருமகளுக்கு,

இந்த முறை பென் டிரைவ் இல்லை. தேடாதே.

உன் கடிதம் வந்ததிலிருந்து ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தேன். உனக்கு இரண்டு கடிதங்கள் எழுதிக் கிழித்தேன். இரண்டுமே நல்ல நடையில் இருந்தன, இரண்டிலும் உண்மைதான் இல்லை. கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டேன்.

மூக்கு வழியாக ஒரு கேமராவை விட்டு என் குரல் நாணை டிவியில் காட்டினார். இவ்வளவு கர்வப்பட்டதற்கு அது பார்க்க ஒன்றும் பிரமாதமாக இல்லை. ஓரத்தில் ஒரு கட்டி. வெட்டி எடுத்துச் சோதித்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியுமாம். "ஆபரேஷன் முடிஞ்சு பேசலாம் மேடம். ஆனா பழைய குரலே வரும்னு நான் சொல்ல முடியாது" என்றார். அதுவரை வாயைத் திறக்கக் கூடாதாம். அதனால்தான் போன் செய்யவில்லை. இதைப் பிடிவாதத்தில் சேர்க்காதே.

மகனுக்கு நானே செய்தி அனுப்பிவிட்டேன். பதறி விடுப்புக் கேட்டிருக்கிறான். கிடைத்தால் வருவான்.

பதிப்பாளரிடம் கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது என்று சொல். மீதி அத்தியாயங்கள் பல் டாக்டருக்கே போகட்டும். ஆனால் அவளுக்குச் 'சங்கு' சரியாக வரவில்லை. வரும்வரை சொல்லச்சொல். அந்தச் செட்டிங்கையும் அவளே வைத்துக்கொள்ளட்டும். இனி எனக்கு என்ன குரல் வரப்போகிறதோ, அதற்கு நீ முதலிலிருந்துதான் அளவெடுக்க வேண்டும். குரலே வராவிட்டாலும் அலமாரியைக் காலி செய்யமாட்டேன்.

வரும் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். "கூட யாரும்மா இருப்பாங்க?" என்று நர்ஸ் கேட்டாள். 'சவுண்ட் இன்ஜினியர்' என்று தாளில் எழுதிக் காட்டினேன். சிரித்துவிட்டாள். "சரிம்மா, அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

பேனாவை மூடிவிட்டேன். நீ வந்து சொல்.

இப்படிக்கு,
அத்தை