பெல்ஜியத்துக்கு இப்பக்கம்

அன்பின் றெஜினாவுக்கு,

மாதாவின் துணையால் நான் சுகம். நீரும் மகளும் சுகம்தானே? மாமியின் இருமல் குறைந்ததா?

ஞாயிறு பூசை முடிந்து, இங்குள்ள தமிழ்ச் சபையாரோடு பஸ்ஸில் ஜெர்மனியின் மேற்கு எல்லையைப் பார்க்கப் போனோம். காடு, ஆறு, பழைய போரில் டாங்கிகளை மறிக்க நட்ட கொங்கிறீற் கற்கள், எல்லாம் வடிவு. யன்னலோரம் மந்திரியைப் போல இருந்து பார்த்தேன்.

மத்தியானம் எல்லோரும் உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட பெல்ஜியத்துக்குள் நடந்தார்கள். எல்லையில் காவல்கூட இல்லை.

“வாரும் ஐசே, ஆர் பாக்கப் போறான்?” என்றார் பெனடிக்ற் அண்ணை.

“ஏலாது அண்ணை. அகதி வழக்கு முடியுமட்டும் நாட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது. பிடிபட்டால் றெஜினாவையும் பிள்ளையையும் கூப்பிடுறதும் போச்சு.”

“அப்ப நாங்கள் கொண்டுவந்த புட்டுப் பார்சலுக்குக் காவல் இரும்!”

டாங்கிகளை மறித்த கல்லில் சாய்ந்து, புட்டை வீரமாகக் காத்தேன். காகம்கூட வரவில்லை.

இதற்கெல்லாம் யோசியாதேயும். மகளின் பாதத்தைத் தாளில் வைத்துக் கோடு கீறி அனுப்பும். போன தடவை அனுப்பிய சப்பாத்து இறுக்கம் என்றீர். நான் இங்கே நின்ற இடத்திலேயே நிற்கிறேன், அவளுடைய கால் எனக்காகக் காத்திருக்கவில்லை.

வேலைக்குப் போகும் பஸ் வருகிறது, ஓடுகிறேன்.

உமது,
அன்ரன்