வருத்தம் தெரிவிக்கும் தூதர்

என் பிரியமான அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன். வெளிச்சம் தெரியாமலிருக்கக் கதவுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறேன். எழுதுவதை அவள் பார்த்தால் கிழித்துவிடுவாள். கோபத்தில் இல்லை, பயத்தில். எனக்கும் பயம்தான்.

ஈராக்கில் போர் தொடங்கிவிட்டது அப்பா. ஏதோ மழை தொடங்கியதைப் போல எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு பெரிய நாடு இன்னொரு நாட்டுக்குள் புகுந்து குண்டு போடுகிறது. அதை நடத்துகிறவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பது இங்கே, நம் தோஹாவுக்கு வெளியே, பாலைவன முகாமில். இந்தக் குட்டி நாடு என்ன சொன்னது தெரியுமா? வருந்துகிறதாம். கல்லெறிய மாடியைத் திறந்துவிட்டு, எதிர்வீட்டு ஜன்னல் உடைந்ததற்கு வருந்துகிற அழகு!

எங்கள் பள்ளியில் நாளைக்கு மாதிரி ஐ.நா. சபை நடத்துகிறார்கள். ஆளுக்கொரு நாடு. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது இந்த நாடு. நான்தான் இதன் தூதர். 'இது ஆக்கிரமிப்பு, கண்டிக்கிறோம்' என்று உரை எழுதிக் கொடுத்தேன். படித்த சோஷியல் மிஸ்ஸுக்கு முகம் வெளுத்துப் போனது.

"என்னம்மா இது? மினிஸ்ட்ரிலேருந்து கெஸ்ட் வர்றாங்க. இரு தரப்பும் நிதானமா இருக்கணும்னு சொல்லிட்டு உட்காரு. கலாஸ், முடிஞ்சுது."

"ஒரு தரப்பு அதோட வீட்டுக்குள்ளதானே மிஸ் இருக்கு?"

"உங்கம்மாவும் இந்த ஸ்கூல்லதானே இருக்காங்க?"

அவ்வளவுதான் கேட்டார். பிறகு என் உரையில் 'கண்டிக்கிறோம்' வந்த இடத்திலெல்லாம் அடித்துவிட்டுக் 'கவலை' என்று எழுதினார். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

பக்கத்து பெஞ்சு ஷிரினுக்கு பிரான்ஸ் விழுந்திருக்கிறது. "மேதகு தூதரே, இன்னிக்கு எத்தனை கவலை தெரிவிச்சீங்க?" என்கிறாள். "வீட்டோ பவர் இருக்கறவளுக்கு வாயும் இருக்கும்டி" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் கண்ணை மூடியதும் உங்கள் விசாவோடு எங்கள் விசாவும் போயிற்று. அம்மாவைக் கணக்கு டீச்சராகச் சேர்த்துக்கொண்ட இந்தப் பள்ளிதான் இப்போது எங்கள் கஃபீல், விசாவுக்குப் பொறுப்பு. பள்ளி கையை விட்டால் இரண்டு பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஊரில் எங்களுக்கு எந்த வீட்டுக் கதவு திறக்கும், சொல்லுங்கள்?

"காய்ச்சல்னு லீவ் லெட்டர் கொடுத்துடறேன், நீ நாளைக்குப் போகவே வேணாம்" என்றாள் அம்மா.

"எனக்குக் காய்ச்சல் இல்லம்மா."

"வர வெச்சுக்கோ."

இதுவும் ஒரு வெளியுறவுக் கொள்கைதான் போல.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். குவைத்தை ஈராக் பிடித்தபோது நீங்கள் அங்கே சிக்கிக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்கு நம் இந்தியாவும் ஈராக்கைச் சத்தமாகத் திட்டவில்லை. "நம்மாளுங்க வாயை மூடிக்கிட்டு எங்களை வெளிய கொண்டாந்தாங்க" என்று நீங்களே எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். பாலைவனத்தில் பஸ்ஸில் வந்து, அம்மான் நகரத்தில் விமானம் ஏறி வந்த கதை. அந்த மௌனத்தையும் நான் காறித் துப்ப வேண்டுமா? துப்பினால் உங்கள் மேலும் அல்லவா விழும்?

யோசித்துப் பார்த்தேன். அவர்கள் வாயை மூடியதால் நீங்கள் வீடு வந்தீர்கள். இவர்கள் வருந்துவதால் பாக்தாத்தில் எந்த அப்பா வீடு திரும்புவார்? பளபளக்கும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, அத்தர் மணக்க, யார் மனமும் கோணாமல் வருந்துகிறார்கள். ஒருவரையும் காப்பாற்றாத வருத்தம்.

அம்மா வாயை மூடுவது எனக்காக. அதனால் அவள் வேலைக்கு உலை வைக்கிற சொல்லை நான் மேடையில் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் 'கவலை'யைப் படிக்க என் வாயை வாடகைக்கு விடவும் மாட்டேன். நாளைக் காலையில் சபை கூடுவதற்கு முன்பே மிஸ்ஸிடம் போய், தூதர் பதவியை ராஜினாமா செய்கிறேன் என்று சொல்லப் போகிறேன். அழுதாலும் அழுவேன். ஆனால் ஏன் என்று அவர் கேட்டால், காய்ச்சல் என்று மட்டும் சொல்ல மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

பெயர் போடத் தைரியமில்லாத
உங்கள் ஒரே மகள்