உன் அம்மாவின் துப்பாக்கிக்கு நான் குழல் மாற்றிய கதை

குஹ்மோ,
அக்டோபர் கடைசி

அன்பு மகள் ரீக்காவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, நாய் ரெல்லு மூவரும் சுகம். என் இடது முட்டி மட்டும் சுகமில்லை, அதை நீ விசாரிக்க வேண்டாம், விசாரித்தால் அதற்கு இன்னும் திமிர் ஏறும். வெலிங்டனில் இப்போது வெயில் வந்திருக்கும். நீயும் மாப்பிள்ளையும் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

போனில் நீ, அம்மா ஏன் போன குளிர்காலம் முழுக்க ஒரு மாதிரியாகவே பேசினாள் என்று கேட்டாய், நான் மழை, குளிர் என்று மழுப்பினேன். உண்மையைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி. போன வருஷ வேட்டையில் அவள் சுட்ட மூஸ் மான் விழாமல் காயத்தோடு ஓடிவிட்டது. ரெல்லு மறுநாள்தான் அதைச் சதுப்பில் கண்டுபிடித்தது, அம்மாவே போய் அதன் வேதனையை முடித்தாள். வீட்டுக்கு வந்து துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வேட்டைக் குழுத் தலைவர் பென்த்தியைக் கூப்பிட்டு, என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துடு என்றாள். நாற்பது வருஷமாக அவள் நின்ற இடம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வீட்டில் ஒருத்தி இப்படி வாய்மூடி இருந்தால் என்ன ஏது என்று கேட்கலாம். உன் அப்பா கேட்கவில்லை. வசந்தத்தில் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து அலமாரியைத் திறந்து, துப்பாக்கிக் குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். உள்ளே பழைய கிணற்றுச் சுவர் மாதிரி துருவும் குழியும். அப்பாடா என்று இருந்தது எனக்கு. உன் அம்மா தப்பு செய்தாள் என்பதைவிட ஓர் இரும்புத் துண்டு தப்பு செய்தது என்று நம்புவது சுலபமில்லையா? புதுக் குழல் போட்டுவிட்டால் அவள் பழையபடி ஆகிவிடுவாள் என்று முடிவு கட்டினேன்.

அந்தத் துப்பாக்கி உன் தாத்தா அவளுக்குக் கொடுத்தது, எனக்கல்ல. மாப்பிள்ளையான நான் குறிபார்க்கும் லட்சணத்தை அவர் கல்யாணத்துக்கு முன்பே கணித்துவிட்டார். அனுமதி மட்டும் எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. அந்தத் தைரியத்தில் கொட்டகைக்குக் கொண்டுபோய், மரக்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலை வைஸ் இடுக்கியில் இறுக்கி, தண்ணீர்க் குழாய் திருகும் ரெஞ்சை மாட்டித் தொங்கினேன். குழல் அசையவில்லை. நான்தான் அசைந்தேன், உருளைக்கிழங்குப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தேன். முட்டிக்கு அன்று பிடித்ததுதான். இரும்பில் நாய் கடித்த மாதிரி வரிசையாகப் பல் தடம் விழுந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கஜானிக்குப் போகிற சாலையில் துப்பாக்கிப் பட்டறை வைத்திருக்கும் ராயிலியிடம் கொண்டுபோனேன். அவள் தடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “பெரியவரே, இதைக் கரடியா கடிச்சுது?” என்று கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், அது கூடத் தோன்றவில்லை. பழைய குழலை அவள் லேத்தில் வைத்துப் பக்குவமாக வெட்டி எடுத்து, புதுசைக் கடைந்து, மரை போட்டு, நூலிழை இடைவெளி இல்லாமல் பொருத்திக் கொடுத்தாள். சுட்டுப் பார்க்கச் சுடும் மைதானத்துக்குப் போனேன். என் குண்டுகள் பலகையில் இல்லை, பலகையைத் தாங்கும் மரத்திலும் இல்லை, இன்றுவரை அவை எங்கே என்று தெரியாது. கோபத்தோடு ராயிலியிடம் திரும்பிப் போய், குழல் கோணல் என்று சண்டை போட்டேன். அவள் காபியைக் கீழே வைத்துவிட்டு என்னோடு மைதானத்துக்கு வந்தாள், படுத்தாள், சுட்டாள். ஓட்டைகள் எல்லாவற்றையும் ஒரு காசை வைத்து மூடிவிடலாம். “குழல் சரியாத்தான் இருக்கு பெரியவரே, அதுக்குப் பின்னால இருக்கிறதை என்னால மாத்த முடியாது” என்றாள். வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் நான் ரேடியோ கூடப் போடவில்லை.

அன்று சனிக்கிழமை, சௌனா நீராவி அறையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அம்மா கல் மேல் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஆவி அடங்கும்வரை பொறுத்திருந்து, “வெய்க்கோ, என் துப்பாக்கி ஆஸ்பத்திரியிலேருந்து வந்தாச்சா?” என்று கேட்டாள். முதல் வாரமே அலமாரி காலி என்று பார்த்துவிட்டாளாம், நான் எப்போது வாய் திறப்பேன் என்று காத்திருந்தாளாம். உடம்பில் துணியில்லாமல் பொய் சொல்ல முடியாது ரீக்கா, எல்லாவற்றையும் சொன்னேன். குழல்தான் குற்றவாளி, நீ இல்லை என்றும் சொன்னேன். அவள், “குழல் பழசுதான். ஆனா அன்னைக்கு நடுவுல ஒரு பிர்ச் மரக் கிளை இருந்துச்சு. பார்த்தேன். பார்த்துட்டும் சுட்டேன், குண்டு அதுல பட்டு விலகிடுச்சு. நீ தங்கத்துல குழல் போட்டிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்” என்றாள். இத்தனை மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டு அழுதாள். நான் கல் மேல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். நல்லவேளை, அது தப்பாகப் போகவில்லை. துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும், “மாத்தினது மாத்திட்ட, சுட்டுப் பார்க்க வேண்டாமா” என்றாள்.

வேட்டைக்குப் போகிறவர்களுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் சுடும் தேர்வு இந்த முறை எங்கள் இருவருக்கும் சேர்ந்தே வந்தது. அம்மா முதல் சுற்றிலேயே தேறிவிட்டாள். நான் தேறவில்லை. மறுபடி போனேன், மறுபடியும் தேறவில்லை. பென்த்தி என் தோளில் கைபோட்டு, “உனக்குக் கரண்டிதான் சரி, அதுல குறி தப்பாது” என்றான். அப்படித்தான் இந்த வருஷம் நான் வேட்டைக் குடிசையில் சூப் காய்ச்சுகிறவன் ஆனேன்.

முதல் நாள், அம்மா அவளுடைய பழைய இடத்தில் நின்றாள், அதை யாருக்கும் கொடுக்காமலே வைத்திருந்தான் அந்தப் பென்த்தி. நான் அடுப்படியில், பக்கத்தில் வாக்கிடாக்கி. ரெல்லு குரைப்பது தூரத்தில் கேட்டது. வாக்கிடாக்கியில் பென்த்தி அம்மாவிடம், “ஹில்கா, உன் பக்கம்தான் வருது, பெரிசு” என்றான். நான் கரண்டியை நிறுத்திவிட்டேன். வெடிச் சத்தம் வரவில்லை. இன்னும் வரவில்லை. சூப் அடிப்பிடிக்கும் வாசனைதான் வந்தது. கடைசியில் அவள் குரல்: “நடுவுல புதர். போக விட்டுட்டேன்.” புதிதாகச் சேர்ந்த ஒருவன் ஏதோ முணுமுணுத்தான். பென்த்தி, “சரி ஹில்கா” என்றான், அவ்வளவுதான். மத்தியானம் குடிசைக்கு வந்தாள், தீய்ந்த சூப்பை மூன்று கிண்ணம் குடித்தாள், உப்பு அதிகம் என்றாள். துப்பாக்கியை மடியில் வைத்து ஈரம் போகத் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல், “பென்த்தி, அடுத்த சனிக்கிழமையும் எனக்கு அதே இடம்” என்றாள்.

ரீக்கா, ராத்திரி வண்டி ஓட்டாதே. அம்மாவுக்கு நேராகவே போன் போடு, அவள் எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்காதே, நான் எதையாவது கழற்றப் போய்விடுவேன். ஆரோக்கியமும் நல்ல தூக்கமும் சிரித்துப் பேச ஆளும் உங்கள் இருவருக்கும் எப்போதும் குறையாமல் இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னதை மறந்துவிடாதே, கனமான கோட்டு இங்கேயே இருக்கிறது, தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வெய்க்கோ
(இந்த வருஷத்துச் சமையல்காரன்)