சனிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

ஆவணி, சனிக்கிழமை இரவு.

இன்றைக்குச் சனிக்கிரகம் ஒரு சிறு நட்சத்திரத்தை ஒட்டிக் கடந்தது. மின்சார ஸ்டேஷனிலிருந்து சீக்கிரமே கிளம்பி வந்து, தூரதிருஷ்டிக் கண்ணாடியை மாடியில் நிறுத்தினேன். வள்ளியம்மையைக் கூப்பிட்டேன். கல்யாணமாகி மூன்று மாதம். இருவரும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினதில்லை. இதையாவது சேர்ந்து பார்க்கலாம் என்றிருந்தேன்.

குனியப் போனவள், "இது எந்தக் கிரகம்?" என்றாள். சனி என்றேன். சட்டென்று ஒதுங்கி நின்றாள்.

"கோயில்லயே அவருக்கு நேரா நிக்க மாட்டோம். நீங்க கண்ணாடி வச்சுக் கிட்டக்க இழுக்குறீக."

"அது வெறும் உருண்டை. அதுக்கு உன்னைத் தெரியாது."

"உங்களை மட்டும் தெரியுமாக்கும்? அந்த நட்சத்திரத்தை மட்டும் காட்டுங்க, பாக்குறேன்."

கண்ணாடியில் இரண்டும் ஒரே வட்டத்துக்குள் நிற்கின்றன. எப்படிப் பிரித்துக் காட்டுவது? எனக்கோ நேரம் போய்க்கொண்டிருந்தது. "பாக்குறதுன்னா பாரு, இல்லாட்டிக் கீழ போ" என்றேன். போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் நட்சத்திரம் சனியின் வளையத்தைத் தொடுகிற மாதிரி நெருங்கியது. "இங்க பாரு" என்று என்னையறியாமல் சொன்னேன். மாடியில் யாரும் இல்லை.

பார்க்க மாட்டேன் என்று அவள் சொல்லவேயில்லை. நட்சத்திரத்தைத்தான் கேட்டாள். இப்போதுதான் உறைக்கிறது. இந்த மூன்று மாதத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியதும் இன்றைக்குத்தான்.

கீழே அறையில் விளக்கை அணைத்துவிட்டாள்.

ஒரு வாரம் போனால் சனி விலகிவிடும். நட்சத்திரம் மட்டும் வட்டத்துக்குள் நிற்கும். அன்றைக்குக் கூப்பிட வேண்டும். வந்தால், வாயைத் திறக்காமல் தள்ளி நின்றுகொள்வேன்.