தீவின் மைதானத்தில் வெள்ளைக்கோடு

இன்று காலை பாரிசில் லா சப்பல் மெத்ரோ நிலைய வாசலுக்கு முன்னால் பாதசாரிக் கடவைக்குப் புதிதாக வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயின்ற் வாசம் மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. மற்றவர்கள் சுற்றிப் போனார்கள். நான் மரக்கறிப் பையுடன் நின்று, கோடு நேராகப் போகிறதா என்று பார்த்தேன். வேலை செய்தவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பார்க்கட்டும். நான் உன்னைப் பார்த்த பார்வைக்கு அது எவ்வளவோ மேல்.

2010 தொடக்கத்தில், இங்கே பக்கத்தில் ஸ்டாலின்கிராட் பகுதியில் நான் சமைத்துக்கொண்டிருந்த உணவகத்துக்கு நீ சட்டி கழுவ வந்தாய். வன்னியிலிருந்து வந்தவன் என்றாய். ஊரில் போர் முடிந்து ஒரு வருடமும் ஆகாத அந்த நாட்களில் புதிதாக வந்த எவரையும் நாங்கள் லேசில் நம்பவில்லை. யார் யாருக்குத் தகவல் கொடுக்கிறான் என்பதே எங்கும் பேச்சு. எனக்கு அந்தச் சந்தேகக் குணம் பிறப்பிலேயே கொஞ்சம் அதிகம். உப்பையும் நக்கிப் பார்த்துத்தான் உப்பென்று ஒத்துக்கொள்வேன் என்று மனைவி சொல்வாள்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் நீ பிலிப்-து-ஜிரார் தெருவில் உள்ள ரெலிபோன் கடைக்குப் போய், கணினிக்கு முன்னால் இருந்து, ஒரு கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டு வந்தாய். ஒருநாள் நீ குப்பை போடப் போன நேரம் அதைத் திறந்து பார்த்தேன். ‘கி. 3, வ. 1’ என்று பக்கம் பக்கமாக இருந்தது. கிளிநொச்சியில் மூன்று பேர், வவுனியாவில் ஒருவர் என்று நானே அர்த்தம் செய்துகொண்டேன். கேட்டபோது, திரினிடாட் தீவின் உதைபந்தாட்ட லீக் முடிவுகள், கிழக்கு அணி, வடக்கு அணி என்றாய். பாரிசில் சட்டி கழுவும் வன்னிக்காரனுக்குக் கரிபியனில் எந்தக் கழகம் வென்றால் என்ன? பொய்க்கும் ஒரு பொருத்தம் வேண்டாமா என்று நினைத்தேன்.

அந்த மாதம் புறநகரான திரான்சியில் ஒருவர் உனக்கு அறை தருவதாக இருந்தார். உன்னைப் பற்றி என்னிடம் கேட்டார். “ஆளை வடிவா விசாரிச்சுப்போட்டுக் குடுங்கோ” என்றேன். அறை போய்விட்டது. யார் சொன்னது என்பதையும் அவர் உன்னிடம் மறைக்கவில்லை. மறுநாள் நீ வழக்கம்போல எனக்குத் தேத்தண்ணி போட்டு வைத்தாய். அதிலும் எனக்குச் சந்தேகம். நீ அந்தப் பக்கம் திரும்பியதும் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

அந்த லீக் பருவம் முடியப் போகிற காலத்தில் ஒரு திங்கட்கிழமை, முகமெல்லாம் வெளிறி வந்தாய். மட்ச் தள்ளிப்போய்விட்டது என்றாய். அதற்கு ஏன் இப்படி என்று கேட்டேன். அப்போதுதான் தம்பியைப் பற்றிச் சொன்னாய். கனடாவுக்கென்று கூட்டிப்போன ஏஜென்ற் அவனைத் திரினிடாட்டில் விட்டுவிட்டு ஓடிவிட்டான். விசா இல்லாத பிள்ளை, ஒரு மைதானத்தில் கோடு போடும் வேலையில் ஒட்டிக்கொண்டான். பிடிபட்டால் போனில் உள்ள நம்பரெல்லாம் பார்ப்பார்கள், எனக்குப் போன் அடிக்காதே என்று உனக்குச் சொல்லியிருந்தான். ஆகவே அந்த மைதானத்தில் மட்ச் நடந்தால் அவன் இருக்கிறான் என்று நீ எடுத்துக்கொண்டாய்.

வேறு யாரும் கோடு போட்டிருக்கலாமே என்று கேட்டேன். அப்படிக் கேட்ட வாயை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

“ஓம் அண்ணை, போட்டிருக்கலாம். நான் அவன்தான் போட்டவனெண்டு நினைக்கிறன். நினைச்சால்தான் அடுத்த திங்கள் மட்டும் வேலை செய்யேலும்.”

மழையால்தான் மட்ச் நிற்பாட்டினார்கள் என்று அடுத்த கிழமை தெரிந்தது. அந்தப் பருவத்தின் கடைசி மட்ச்வரை எழுதினாய். மறுவருடம் தம்பி கனடா போய்ச் சேர்ந்துவிட்டான் என்று சொல்லி எல்லோருக்கும் லட்டுக் கொடுத்தாய். லட்டைச் சாப்பிட்டேன். கதையை முழுதாக நம்பினேன் என்று சொல்லமாட்டேன்.

போன மாரியில் நித்திரையிலேயே நீ போய்விட்டாய். உன் செத்தவீட்டில், கனடாவிலிருந்து வந்தவன் என்று ஒருவன் உன் மூக்கோடும் உன் நடையோடும் நின்றான். அப்போதும் என் புத்தி என்னை விடவில்லை. பக்கத்தில் போய், உதைபந்தாட்ட மைதானத்தில் கோடு எத்தனை இஞ்சு அகலம் என்று மெதுவாகக் கேட்டேன்.

அவன் கோபிக்கவில்லை. “அஞ்சு இஞ்சுக்கு மேலை போகக்கூடாது, அண்ணை” என்றான். பிறகு உன் பெட்டிக்குள் எடுத்ததென்று அந்தக் கொப்பியைக் கொடுத்து, முந்தின நாள்தான் வாசித்ததாகச் சொன்னான். அந்த நாட்களில் நான் பயந்தபடியே அதில் என் பெயர் இருந்தது, நம்பரும் இருந்தது. ‘தம்பி, எனக்கு ஏதும் நடந்தால் இவரிட்டைப் போ. நல்ல மனுசன். கொஞ்சம் சந்தேகக்காரர், என்ன கேட்டாலும் கோவிக்காமல் பதில் சொல்லு.’

நீ அதை எப்போது எழுதினாய் என்று தேடினேன். கடைசி மட்ச் முடிவுக்குக் கீழே, அதே பேனை. அறை போனதற்கு எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு. அந்த இடத்திலேயே அழுதேன்.

கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. இன்னும் ஒரு கேள்வி மட்டும் என்னை அரிக்கிறது. அன்று நான் ஊற்றிய தேத்தண்ணி அந்தத் தொட்டியில் கறையாகத்தானே இருந்திருக்கும். தொட்டியைக் கழுவுகிறவன் நீ, காணாமலா விட்டிருப்பாய்? அடுத்த நாளும் எனக்குத் தேத்தண்ணி போட்டு வைத்தாய்.